முப்பத்திரண்டு வேலையாட்கள்

காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் டெர்லிஸ் பையைக் கழற்றமாட்டான். தோளில் பை தொங்க நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, திரையின் மூலையில் ஒரு சிறிய சன்னலைத் திறப்பான். அதில் முப்பத்திரண்டு பச்சைக் கம்பங்கள் தேய்ந்துபோன சீப்பின் பற்களைப் போல அடியோடு ஒட்டிக் கிடக்கும். மாடியில் இருக்கும் பெரிய சர்வரின் முப்பத்திரண்டு ப்ராசஸர்கள் அவை. எது எவ்வளவு உழைக்கிறது என்பதைக் கம்பத்தின் உயரம் சொல்லும். பிறகு ஆற்று மட்டத்தைக் கணக்கிடும் தன்னுடைய ப்ரோகிராமை ஓடவிட்டு, கட்டைவிரலை மோவாய்க்கு அடியில் கொடுத்துக் காத்திருப்பான். ஒரு மூச்சு நேரம் எதுவும் நடக்காது. அப்புறம் முப்பத்திரண்டும் ஒரே வீச்சில் எழும்பி விளிம்பைத் தொடும். ஏதாவது ஒன்று மட்டும் கொஞ்சம் தணிந்து நின்றால் அதையே பார்த்துக்கொண்டிருப்பான். அதுவும் நிறைந்த பிறகுதான் பை தோளிலிருந்து இறங்கும்.

டெர்லிஸ் இன்சௌரால்டே நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க வராதவன். காசபா என்ற ஊரில் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அப்படி. சொல்ல நினைத்தது தொண்டைவரை வரும். அங்கே தெரியாத ஆள் யாரையோ பார்த்துவிட்டதுபோலத் திரும்பிப் போய்விடும். பேருந்தில் ‘இங்க நிறுத்துங்க’ என்று குரல் கொடுக்கக் கூசி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் நடந்து வந்த நாட்கள் உண்டு. அவன் கூப்பிட்டதும் முப்பத்திரண்டு பேர் மறுபேச்சில்லாமல் எழுந்து நின்றது இந்தச் சன்னலில் மட்டும்தான்.

அலுவலகம் என்பது அஸுன்சியோனில், சஜோனியா பகுதியில், ஒரு பழைய மாடி வீடு. எட்டுக் குழுக்கள் சேர்ந்து ஒரு சர்வர் வாங்கி, மாடியில் முன்பு குளியலறையாக இருந்த இடத்தில் குளிரூட்டி போட்டு வைத்திருந்தார்கள். சில குழுக்கள் வேறு ஊர்களிலிருந்து அதைப் பயன்படுத்தின. வீட்டில் தினமும் வந்து உட்கார்ந்தவர்கள் நான்கு பேர். ஆற்றின் மட்டம் நாளை எவ்வளவு, அடுத்த வாரம் எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்வது டெர்லிஸின் வேலை. அவன் சொல்லும் எண்ணை வைத்துத்தான் கரையோரத்துத் தாழ்வான தெருக்களில் இருப்பவர்கள் கட்டிலையும் அடுப்பையும் மேட்டுக்கு ஏற்றலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். மின்சாரக் கூட்டுறவுக்காக வேலை செய்தவன் பிளாஸ். வாயாடி, கைக்குழந்தைக்குத் தகப்பன். எல்லாருக்கும் தலைவி தோன்யா சுனில்டா.

நான்காவது ஆள் நிமியா கபான்யாஸ். எந்தத் தெருவில் டெங்கு ஏறுகிறது என்று வரைபடம் போடுவாள். சர்வரைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான், சாவி அவளிடம். சம்பளம் தற்காலிகக் கணக்கில். இந்தப் பருவம் முடிந்ததும் சர்வர் பொறுப்பை அவளுக்கே நிரந்தரமாகக் கொடுத்துவிடுவதாக தோன்யா சுனில்டா சொல்லியிருந்தாள். வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். டெர்லிஸைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள் என்பதால் அவள் அவனை ‘நீ’ என்பாள். கூட்டத்தில் அவன் வார்த்தைக்குத் திணறினால் நிமியா மட்டும் அவன் முகத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு காத்திருப்பாள். அது ஒரு உதவி என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஏப்ரலில் ஆறு ஏறத் தொடங்கியது. டெர்லிஸ் ஆற்றை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துக் கணக்கிட்டான். ஒரு வெள்ளிக்கிழமை அவனுடைய ப்ரோகிராம் முழு சர்வரையும் எடுத்துக்கொண்டுவிட்டது. அந்த நேரம் வரவேண்டிய டெங்கு வரைபடம் வரவில்லை. மருந்தடிக்கும் வண்டிகள் எந்தத் தெருவுக்குப் போவது என்று தெரியாமல் சுகாதார நிலையத்தின் முற்றத்தில் நின்றன. டிரைவர்கள் வண்டி நிழலில் படுத்துத் தூங்கியதை யாரோ படமெடுத்து தோன்யா சுனில்டாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

திங்கட்கிழமை முற்றத்து மாமரத்தடியில், குளிர்ந்த தெரெரே சுற்றில் வரும்போதே கூட்டம் நடந்தது. ஒரு கொம்புக் குவளை நிறைய இலை, அதன்மேல் ஐஸ் தண்ணீர், ஒரு உறிஞ்சுகுழல், எல்லாருக்கும் முறை.

“இனிமே எல்லாருக்கும் வரம்பு,” என்றாள் தோன்யா சுனில்டா. “முப்பத்திரண்டு இருக்கு, எட்டுக் குழு. ஆளுக்கு நாலு. டெர்லிஸ், கேக்குதா மகனே?”

டெர்லிஸ் தலையாட்டினான்.

“நாலுன்னா என் வேலையும் மெதுவாயிடுமா?” என்று பிளாஸ் கேட்டான்.

“வரம்புன்னா மெதுவா ஓடுன்னு சொல்றது இல்ல,” என்றாள் நிமியா. “ஒரு நொடியப் பத்துத் துண்டாப் போடு. ஒவ்வொரு துண்டுலயும் உனக்கு இவ்வளவுன்னு ஒரு பங்கு. பங்கு இருக்கற வரைக்கும் முழு வேகத்துல ஓடு, யாரும் கேக்கமாட்டாங்க. தீந்துடுச்சா, அடுத்த துண்டு வர்ற வரைக்கும் அப்படியே நில்லு.”

“அட, நம்ம குவளை மாதிரிதான். முறை வந்தா குடி, முடிச்சா குடு. கையில வச்சுக்கிட்டுக் கதை பேசாத. டெர்லிஸ், உன்னத்தான். அது மைக் இல்லப்பா, இந்தப் பக்கம் தள்ளு,” என்றான் பிளாஸ்.

எல்லாரும் சிரித்தார்கள். தன் கையில் குவளை வெகுநேரமாக இருப்பது டெர்லிஸுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவசரமாக உறிஞ்சினான். காலியான குவளையின் கரகரப்புச் சத்தம் பெரிதாகக் கேட்டது. அவனுக்குக் காது சுட்டது.

நான்கு போதும் என்றுதான் அவன் நினைத்தான். முன்பு அரை மணியில் முடிந்தது இனி நாலு மணி நேரம் ஆகும். விடியுமுன் ஓடவிட்டால் காலை உணவுக்குள் எண் வந்துவிடும். ஆனால் மறுநாள் காலையில் அவன் வந்து திறந்தபோது ப்ரோகிராம் ஆற்றின் கால்வாசி தூரத்தைக்கூடக் கடக்கவில்லை. மத்தியானம் ஆனது, சாயங்காலம் ஆனது. கரையோரக் குழுக்களிலிருந்து செய்திகள் வந்துகொண்டிருந்தன: இன்னிக்கு எண் எங்கே? அவன் நேற்றைய எண்ணையே கொஞ்சம் கூட்டிக் கையால் போட்டு அனுப்பினான். அனுப்பிவிட்டுக் கழிப்பறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றான்.

சன்னலில் முப்பத்திரண்டு கம்பங்களும் தரையோடு தரையாகத் துடித்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூட எழவில்லை.

மாடிக்குப் போனான். கதவுச் சட்டத்தில் கை வைத்துக்கொண்டு, “நாலுதானே போட்டிருக்கீங்க?” என்று கேட்டான்.

நிமியா திரும்பினாள். “நாலுதான். ஏன்?”

“ரொம்ப மெதுவா இருக்கு.”

“எவ்வளவு மெதுவா?”

“ரொம்ப.”

அவள் எதையோ திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடியும் பார்த்தாள். “சரியாத்தான் இருக்கு. ஆனா நீ சும்மா சொல்லமாட்டே. நான் பாக்கறேன்.”

அதற்குப் பிறகு ஒருநாள் அவளே கீழே இறங்கி வந்து, “இன்னிக்கு எப்படி, கொஞ்சம் பரவாயில்லையா?” என்று கேட்டாள்.

“அப்படியேதான் இருக்கு.”

“அப்படியேவா? கொஞ்சங்கூட மாறலயா?”

“இல்ல.”

அவள் அவன் திரையைக் குனிந்து பார்த்தாள். புரியாத முகத்தோடு மாடியேறிப் போனாள். அந்தப் புரியாமையை அவன் நடிப்பு என்று எடுத்துக்கொண்டான். சந்தேகம் அவனுக்குள் சத்தமில்லாமல் வளர்ந்தது. வரம்பு போடுவது யார்? அவள். சாவி யாரிடம்? அவளிடம். வண்டிகள் நின்றதற்குப் பிறகு டெங்கு வரைபடம் ஒருநாளும் தவறவில்லையே, எப்படி? நாலு என்று வாயால் சொல்லிவிட்டு இரண்டு கொடுத்தால், ஒன்று கொடுத்தால் யார் கேட்கப்போகிறார்கள்? பேசாதவன் என்பதால் கேட்கமாட்டான் என்று நினைத்துவிட்டாள். இந்தக் கடைசி எண்ணம்தான் அவனை உறுத்தியது. இரவு படுக்கையில் அவன் தனக்குள் பேசியவை நல்ல கூர்மையான வாக்கியங்கள். பகலில் ஒன்றும் வரவில்லை.

வந்தது ஒரு வியாழக்கிழமை. வடக்குக் காற்று சுட்டு வீசிய நாள், எல்லாருக்கும் எரிச்சல். மாமரத்தடியில் அன்று ஊற்றும் முறை நிமியாவுடையது. ஐஸ் போட்ட ஜக்கிலிருந்து குவளையில் தண்ணீர் விட்டு, சுற்றி ஒவ்வொருவராகக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

“டேய் டெர்லிஸ்,” என்றான் பிளாஸ், “உன் ஆறு எங்க தெரு பஸ் மாதிரி ஆயிடுச்சேடா. வரும் வரும்னு நின்னதுதான் மிச்சம்.”

“நகராட்சியிலிருந்து என்னைக் கேக்கறாங்க,” என்றாள் தோன்யா சுனில்டா. அவள் சிரிக்கவில்லை. “என்ன பதில் சொல்றது? நாலு பத்தலயா, இல்ல உனக்கு ப்ரோகிராம் எழுத வரலயா?”

எழுத வரவில்லையா என்றதும் அவனுக்குள் ஏதோ அறுந்தது. தொண்டையில் தயங்கி நிற்கும் ஆள் அன்றைக்கு நிற்கவில்லை.

“நாலு குடுத்தாத்தானே பத்துதா பத்தலயான்னு தெரியும்!” அவன் குரலே அவனுக்கு அந்நியமாகக் கேட்டது. “ஊத்தற கை தனக்கு ரெண்டு முறை ஊத்திக்கிட்டா, கடைசில உக்காந்திருக்கறவனுக்கு என்ன வரும்? வெறும் இலைதான் வரும். வரம்பு போடறதும் அவங்க, ஓடறதும் அவங்க டெங்கு. நான் பேசமாட்டேன்னு தெரிஞ்சுதானே!”

குவளை நிமியாவின் கையில் இருந்தது. அவளுடைய முறைதான். அந்த ஊரில் ஒருவரைத் திருடி என்றுகூடச் சொல்லலாம், சண்டை போட்டு மறந்துவிடுவார்கள். சுற்றில் ஊற்றுகிறவளைப் பார்த்துத் தனக்கு இரண்டு முறை ஊற்றிக்கொள்கிறாய் என்று யாரும் சொல்வதில்லை. 

நிமியா நிதானமாகக் குடித்தாள். குவளையையும் ஜக்கையும் பிளாஸ் பக்கம் நகர்த்தினாள்.

“நன்றி,” என்றாள்.

குவளையைத் திருப்பும்போது அங்கே யாரும் நன்றி சொல்வதில்லை. சொன்னால், எனக்குப் போதும், இனி என்னைச் சுற்றில் சேர்க்காதீர்கள் என்று பொருள். அவள் எழுந்து மாடிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் கீழே வந்து சர்வரின் சாவியை, அதாவது அதன் கடவுச்சொல்லை, தோன்யா சுனில்டாவிடம் கொடுத்தாள். “யார் மேல நம்பிக்கையோ அவங்ககிட்ட குடுங்க. வரைபடத்த வீட்லருந்தே போடறேன்.” தோன்யா சுனில்டா தடுக்கவில்லை. விசாரிக்கவும் இல்லை. அப்போதைக்கு பிளாஸ் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிந்தது.

முதல் நாள் டெர்லிஸுக்குத் தான் பேசிவிட்டேன் என்ற மிதப்பு இருந்தது. இரண்டாம் நாள் அதற்கு ஆதாரம் வேண்டும் என்று தோன்றியது. ஒருவரின் வரம்பு எவ்வளவு என்பதைச் சாவி இருப்பவர்தான் பார்க்க முடியும். ஆனால் ஒரு ப்ரோகிராம் எத்தனை தடவை நிறுத்தி வைக்கப்பட்டது என்ற எண்ணிக்கையை அதன் சொந்தக்காரனும் பார்க்கலாம். அதைத் திறந்தான். எண் பார்க்கப் பார்க்க ஏறிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய ஒவ்வொரு துண்டிலும் ஒரு நிறுத்தம். அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. மாட்டினாள்.

ஆதாரத்தை இன்னும் அழகாக்க நினைத்தான். சும்மா எண்களைக் கூட்டிக்கொண்டே போகிற ஒரு சின்ன ப்ரோகிராமை எழுதி, ஒரே ஒரு வேலையாளை, அதாவது ப்ரோகிராம் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் கூறுகளில் ஒன்றை மட்டும், வைத்து ஓட்டினான். ஒரு கம்பம் விளிம்புவரை எழுந்து நின்றது. நிறுத்தம் ஒன்றுமில்லை. இரண்டு வேலையாட்கள்: இரண்டு கம்பங்கள். மூன்றில்தான் பல்லிளிக்கும் என்று எதிர்பார்த்தான். இளிக்கவில்லை. நான்கு. நான்கு கம்பங்களும் அசையாமல் விளிம்பில் நின்றன. நிறுத்தம் ஒன்றுகூட இல்லை. நிமியா கொடுப்பதாகச் சொன்ன நான்கும் குறையில்லாமல் வந்துகொண்டிருந்தது.

அதற்கு மேல் சோதிக்க அவனுக்கு மனம் துணியவில்லை.

தன் ஆற்று ப்ரோகிராமை மேலிருந்து வாசித்தான். மாணவனாக இருந்தபோது எழுதிய, பிறகு ஒருநாளும் திரும்பிப் பார்க்காத ஒரு வரி. இந்த இயந்திரத்தில் எத்தனை ப்ராசஸர்கள் என்று கேள். அத்தனை வேலையாட்களைக் கூப்பிடு. இயந்திரம் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது: முப்பத்திரண்டு. உனக்கு அதில் எவ்வளவு பங்கு என்று ப்ரோகிராம் கேட்கவில்லை. கேட்கும்படி அவன் எழுதவில்லை. ஆகவே ஒவ்வொரு துண்டு தொடங்கியதும் முப்பத்திரண்டு பேரும் பாய்ந்து விழுந்து கொஞ்சப் பங்கைக் கண் இமைப்பதற்குள் தின்று தீர்த்துவிட்டு, மீதி நேரமெல்லாம் நின்றார்கள்.

அதிலும் ஒரு கோளாறு இருந்தது. ஆற்றின் ஒரு பகுதியைக் கணக்கிடுகிறவனுக்கு அடுத்த பகுதியின் மட்டம் தெரிந்தால்தான் மேலே போக முடியும். முடித்தவன் முடிக்காதவனுக்காகக் காத்திருக்க வேண்டும். அவனுடைய வேலையாட்கள் சும்மா காத்திருக்கவும் இல்லை. ‘முடிஞ்சுதா, முடிஞ்சுதா’ என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்பதற்கும் பங்கு செலவாகும். யாருடைய விடைக்காக எல்லாரும் நின்றார்களோ அவனுக்கு முறை வருவதற்குள் பங்கு தீர்ந்து போயிருக்கும். ஆற்றுக்குப் போனது கொஞ்சம். கேள்விக்குப் போனதுதான் அதிகம்.

டெர்லிஸ் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.  ஊத்தற கை தனக்கு ரெண்டு முறை. அந்த வாக்கியம் அவன் காதில் அவன் குரலிலேயே கேட்டது. படுக்கையில் கிடந்து எவ்வளவு சிரத்தையாக அதைத் தீட்டியிருந்தான் என்பதும் நினைவு வந்தது.

முப்பத்திரண்டை அழித்து நான்கு என்று எழுதினான். மறுநாள் காலை உணவுக்கு முன்பே ஆற்றின் எண் வந்துவிட்டது.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் முற்றத்துக்குப் போனான். அதற்குள் பிளாஸ் அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டான்.

“பாத்தீங்களா தோன்யா சுனில்டா! அவ சாவியக் குடுத்துட்டுப் போனா, ஆறு ஓடுது! நான் ஒண்ணும் செய்யலைங்க, தொடக்கூட இல்ல. தானா ஓடுது!”

“நீ சொன்னது சரியாப் போச்சு மகனே,” என்றாள் தோன்யா சுனில்டா. “நான்தான் உன்னை எழுத வரலயான்னு கேட்டுட்டேன். மனசுல வச்சுக்காத. நிமியாவ நான் அப்படி நினைக்கல, சரி விடு.”

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொல் தொண்டைவரை வந்தது. அங்கே நின்றது. எல்லாரும் அவனை அன்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனை இதற்கு முன் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. குவளை அவன் கைக்கு வந்தது. அவன் குடித்தான். குளிர்ந்த தண்ணீர் உள்ளே இறங்கும்போது, தான் இப்போது செய்வது முதலில் செய்ததைவிடக் கேவலமானது என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அன்றைக்கு அவன் தெரியாமல் பேசியிருந்தான். இன்றைக்கு எல்லாம் தெரிந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறான்.

நாட்கள் போயின. மாடியில் நிமியாவின் நாற்காலியில் யாரோ காகிதப் பெட்டிகளை வைத்தார்கள். டெர்லிஸ் காலையில் கம்பங்களின் சன்னலைத் திறப்பதை விட்டுவிட்டான். பை தோளிலேயே மறந்துபோய் மத்தியானம் வரை தொங்கியது. நிமியாவுக்குச் செய்தி எழுதினான். ‘ஒரு விஷயம் பேசணும்’ என்று தொடங்கினான், அழித்தான். ‘மன்னிக்கணும்’ என்று தொடங்கினான், அழித்தான். அவள் போடும் டெங்கு வரைபடங்கள் மட்டும் தினமும் எல்லாருக்கும் வந்தன, ஒரு சொல்கூட இல்லாமல். ஆறு ஏறி, கரையோரத்து ஜனங்கள் அவன் எண்ணை நம்பிச் சரியான நேரத்தில் மேட்டுக்குப் போனார்கள். ஒரு பெண்மணி அலுவலகத்துக்கு ஒரு கூடை சிப்பா கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். சூடான பாலாடைக்கட்டி ரொட்டி. அவன் ஒன்றை எடுத்துப் பிட்டு, அப்படியே காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டான்.

மாதக் கடைசியில் சர்வர் பொறுப்பு பிளாஸுக்கு நிரந்தரம் என்று தோன்யா சுனில்டா கையெழுத்துப் போட்டாள். பிளாஸ் எல்லாரையும் கட்டிப்பிடித்தான். மனைவியைத் தொலைபேசியில் கூப்பிட்டு உரக்கச் சொன்னான். 

மறுநாள் சுற்றில் குவளை தன்னிடம் வந்தபோது அவன் குடிக்கவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தான்.

“டேய், மைக் இல்லடா அது,” என்றான் பிளாஸ்.

“தெரியும்,” என்றான் டெர்லிஸ். “கொஞ்சம் இரு. நிமியா எனக்கு நாலுதான் குடுத்தாங்க. குறைக்கவே இல்ல. தப்பு என் ப்ரோகிராம்ல. நாலு பேரக் கூப்பிட வேண்டிய இடத்துல நான் முப்பத்திரண்டு பேரக் கூப்பிட்டிருந்தேன். அதான் மெதுவாச்சு. நாலுன்னு மாத்தினேன், ஓடிச்சு. அவங்க போனதால ஓடல.”

காற்றில் மாவிலை ஒன்று விழுந்தது. 

“இது எப்ப தெரிஞ்சுது?” என்றாள் தோன்யா சுனில்டா.

“ஓடின அன்னிக்கு. அதுக்கு முந்தின நாள்.”

“அப்ப நான் உன்கிட்ட மன்னிப்புக் கேட்டேனே, அன்னிக்கு உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“நேத்து நான் கையெழுத்துப் போட்டப்பவும் தெரியும்.”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

 கூச்சம் என்று சொல்லலாம். இத்தனை வருஷமாக எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறான். அந்த இடத்தில் அந்தச் சொல் அவனுக்கே அருவருப்பாக இருந்தது. தோன்யா சுனில்டா எழுந்து, முந்தானைபோல் தோளில் போட்டிருந்த துண்டை உதறிவிட்டு உள்ளே போனாள். அவள் கோபத்தில் பாதி அவள்மேலேயே என்பது பிறகு புரிந்தது. விசாரிக்காமல் விட்டது அவள்தானே. பிளாஸ் தரையைப் பார்த்தபடி, “வேணும்னா நான் விட்டுக்குடுத்துடறேன்,” என்றான். குரலில் பலமில்லை. அவனுக்குக் கைக்குழந்தை.

அன்று சாயங்காலம் டெர்லிஸ் நிமியாவின் வீடு இருக்கும் லூக்கேவுக்குப் பேருந்து ஏறினான். இறங்க வேண்டிய இடத்தில், “இங்க நிறுத்துங்க,” என்று சத்தமாகச் சொன்னான். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

நிமியா கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். கதவைத் திறக்கவில்லை. கையில் ஈரத்துணி, உள்ளே அவள் அம்மாவின் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

“தோன்யா சுனில்டா போன் பண்ணினாங்க,” என்றாள். “நீ வருவேன்னு நினைக்கல.”

அவன் எல்லாவற்றையும் சொன்னான். இந்தத் தடவை திணறினான். அவள் பழைய வழக்கப்படி வேறெங்கோ பார்த்துக்கொண்டு காத்திருக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள். அது அவனுக்கு நியாயமாகப் பட்டது.

“முப்பத்திரண்டு பேரா?” என்றாள் கடைசியில். அவளுக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது, உடனே நின்றும்விட்டது. “ஒவ்வொருத்தனும் முடிஞ்சுதா முடிஞ்சுதான்னு கேட்டுக்கிட்டு. அட கடவுளே! நான் பாத்திருக்கணும். என்ன தப்பு பண்ணினேன்னு என்னோட பக்கத்தையே தேடிக்கிட்டிருந்தேன். உன் பக்கம் பாக்கத் தோணல.”

“நீங்க தேட வேண்டியதே இல்ல. நான்தான்...”

“டெர்லிஸ், நீ மெதுவா இருக்குன்னு சொன்னது தப்பில்ல. அது நெஜம். சுத்துல வச்சு அப்படிச் சொன்னியே, அதுதான். எங்கிட்ட மேல வந்து கேட்டிருக்கலாம். கத்தியிருக்கலாம்கூட.”

“தோன்யா சுனில்டா உங்களைத் திரும்ப...”

“கூப்பிட்டாங்க. வேண்டாம்னுட்டேன். பிளாஸ் வீட்ல குழந்தை இருக்கு. சுகாதார நிலையத்துலயே என்னை எடுத்துக்கறாங்க, தற்காலிகமாத்தான். பரவாயில்ல.” ஈரத்துணியைக் கம்பியில் காயப்போட்டாள். “மணி ஆச்சு, கடைசி பஸ் போயிடும். போ.”

உள்ளே வா என்று சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்காக வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. அவன் தெரு முனை வரை நடந்து திரும்பிப் பார்த்தான். கதவில் துணி மட்டும் தொங்கியது.

அந்த வருடக் கடைசியில் பழைய சர்வரை மாற்றிப் புதியது வந்தது. பிளாஸ் ஒவ்வொருவரின் வரம்பையும் பழையதிலிருந்து புதியதற்கு எடுத்து எழுதிக்கொண்டிருந்தான். மாடியிலிருந்து தலையை நீட்டி, “டெர்லிஸ், உனக்கு எட்டு இருக்கே, அப்படியே விடட்டுமா, இல்ல எல்லார் மாதிரி நாலாக்கிடவா?” என்று கேட்டான்.

“எட்டா?”

“ஆமா. ஏப்ரல்லேயே மாத்தியிருக்கா. நிமியா பேர்ல இருந்த நாலையும் எடுத்து உன் பேர்ல சேத்து வச்சிருக்கா. அவ பேர்ல ஒண்ணுமே இல்ல. நான் தொடவே இல்லடா, அப்பவே சொன்னேன்ல.”

டெர்லிஸ் முதன்முதலில் மெதுவாக இருக்கிறது என்று சொன்ன வாரத்திலேயே அது நடந்திருந்தது. அன்றிலிருந்து டெங்கு வரைபடங்கள் எல்லாவற்றையும் அவள் லூக்கேவில், தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், விசைகள் இரண்டு உடைந்துபோன தன் மடிக்கணினியில் ஓட்டியிருக்கிறாள்.